செமாஷ் இலையும் பூண்டு வாசமும்: கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்லோவேனியாவின் தலைநகர் லுப்லியானாவில் படிக்கிறேன். மார்ச் பிறந்தால் இங்குள்ள நண்பர்கள் செமாஷ் என்ற காட்டுக்கீரை பறிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். கசக்கி முகர்ந்து, பூண்டு வாசம் அடித்தால் பயமில்லை என்கிறார்கள். சரிதானா? பறித்ததை எப்படிப் பக்குவம் செய்வது?

லுப்லியானா வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் இலைக்குச் சரி, பத்தாவது இலைக்குச் சரியில்லை. ஒருமுறை செமாஷைக் கசக்கிய விரலில் வாடை ஒட்டிக்கொள்ளும். பிறகு எதைக் கசக்கினாலும் பூண்டாகத்தான் மணக்கும். மூக்கை விட்டுவிட்டுக் காம்பைப் பாருங்கள்.

செமாஷின் ஒவ்வோர் இலையும் தனக்கென ஒரு நீண்ட காம்போடு தரையிலிருந்து தனியே எழும். இலை மெல்லியது, அடிப்புறம் மங்கல். இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய நச்சுச் செடிகள் மூன்று. ஷ்மார்னிட்சாவில் (லில்லி ஆஃப் தி வேலி) ஒரே தண்டிலிருந்து பெரும்பாலும் இரண்டு இலைகள் கிளம்பும், விறைப்பாக இருக்கும். ச்மேரிகாவின் (ஃபால்ஸ் ஹெல்லபோர்) இலையில் நரம்புகள் மடிப்பு மடிப்பாக ஓடும்.

மிக மோசமானது பொத்லேசெக் (ஆட்டம் குரோக்கஸ்). இலையுதிர் காலத்தில் இலையில்லாமல் ஊதாப்பூ மட்டும் விடும், வசந்தத்தில் இலை விடும். காம்பே கிடையாது. தடித்துப் பளபளக்கும் பல இலைகள் ஒரே குருத்திலிருந்து வரும். அவற்றின் நடுவே பச்சை விதைக்காய் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இது ஈரப் புல்வெளிச் செடி, செமாஷோ நிழலான காட்டுச் செடி. ஆனால் காட்டோரத்தில் இரண்டும் கலந்து நிற்கும். இதன் நஞ்சு கொல்கிசின். நம் செங்காந்தள் கிழங்கில் இருப்பதும் அதுவேதான். வேகவைத்தாலும் போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் பல மணி நேரம் கழித்தே தொடங்கும் என்பதால் சாப்பாட்டின் மேல் சந்தேகம் எழுவதில்லை. ஸ்லோவேனியாவில் இதனால் உயிரே போயிருக்கிறது. இலேசான சந்தேகம் இருந்தாலும் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஆகவே கொத்தாக அரிந்து பையில் திணிக்கும் நண்பரோடு போகாதீர்கள், அவர் எவ்வளவு அனுபவசாலியானாலும். ஒவ்வோர் இலையாக, காம்பைப் பார்த்துக் கிள்ளுங்கள். செடிக்கு ஓர் இலை போதும். கிழங்கைப் பிடுங்கினால் அடுத்த வருஷம் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. மொட்டு வருமுன் பறித்தால்தான் மணம்.

பறித்ததைப் பெஸ்டோ என்னும் எண்ணெய்த் துவையலாக அரைக்கலாம். 100 கிராம் இலைக்கு 40 கிராம் வால்நட், 40 கிராம் கெட்டிச் சீஸ், 100 மில்லி ஆலிவ் எண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு. இலையைக் கழுவித் துணியில் முழுக்க உலர்த்துங்கள். ஈரம் நின்றால் சீக்கிரம் கெடும். எண்ணெயை மிக்ஸியில் அடித்தால் கசக்கும், கடைசியில் கையால் கலக்குங்கள். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், அதற்கு மேல் ஃப்ரீசர்தான். வெளியே வைக்கவே கூடாது: எண்ணெய்க்கடியில் காற்றில்லாத இடத்தில் பொட்டுலினக் கிருமி வளர்ந்து உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும். சூப்பில் போடுவதானால் அடுப்பை அணைத்தபின் போடுங்கள், கொதித்தால் வாசம் பறந்துவிடும்.

முதல் வருஷம் ரெக்ரத் என்னும் டேன்டலையன் கீரையோடு நிறுத்திக்கொள்வதும் நல்லதே. பூக்குமுன், மண்ணுக்குச் சற்றுக் கீழே கத்தியை விட்டு அறுத்தால் இலைகள் உதிராமல் ஒரே கொத்தாக வரும். அதோடு சாலட்டுக்கு வெதுவெதுப்பான உருளைக்கிழங்கு, வினிகர், பூசணிவிதை எண்ணெய், மேலே சூடான பன்றிக்கொழுப்பு வறுவல். கறி வேண்டாதவர்கள் அவித்த முட்டையை நறுக்கிப் போடலாம்.