பறவை பார்க்கும் பெண்ணுக்கு எம்பிபிஎஸ் எதற்கு?

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள்; நீட் மதிப்பெண் அரசுக் கல்லூரிக்கு எட்டவில்லை. "பறவை பார்க்கிறாள், படம் வரைகிறாள், ஏதாவது எழுதுகிறாள், எதிலும் நிலையில்லை. நிலத்தை விற்றாவது டாக்டருக்குப் படிக்கவை என்கிறார் மச்சான்."

கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை ஐயா. நிலத்தை விற்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்பிபிஎஸ் கட்டணமே ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. அவள் கேட்காத படிப்பு அது. நடுவில் பிடிக்காமல் போனால் கடன் உங்கள் தலையில்தான்; மச்சான் பங்குக்கு வரமாட்டார்.

நிலையில்லை என்பதையும் நான் ஏற்கமாட்டேன். நாவலாசிரியர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் சட்டம் படித்தவர். இன்றைய கர்நாடகத்தில் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். பிறகு காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார், கோட்டோவியம் வரைந்தார், 1950-இல் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-இல் இறக்கும்வரை எழுதினார். அத்தனை திறமையும் காட்டுக்குத்தான் பயன்பட்டது.

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இளநிலைப் பட்டமாகவே இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. முதுமலை, பஸ்ஸில் போய்வரும் தூரம். இந்தத் துறையில் வேலை எப்படி இருக்கும் தெரியுமா? புலி நடக்கும் தடத்தின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் எதிரெதிரே கேமரா கட்டுவார்கள். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றுபோல் இருக்காது. இரண்டும் கிடைத்தால் அது எந்தப் புலி என்று உறுதியாகும். படம் வரைந்து பழகிய கண் இந்த வேலைக்கு எவ்வளவு உதவும்! விலங்கின் எச்சத்தைப் பிரித்து, உள்ளே இருக்கும் மயிரை வைத்து அது எதைத் தின்றது என்று கண்டுபிடிப்பதும் உண்டு. பார்த்ததை அன்றன்றே பிழையில்லாமல் எழுதிவைக்கத் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு அதிகம்.

இளநிலையோடு நிறுத்த முடியாது. மயிலாடுதுறை பக்கத்து மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம் என்று முதுநிலைக்குப் போக வேண்டும். முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். சம்பளம் குறைவு, அட்டைக்கடி நிச்சயம். இதை மறைக்காமல் அவளிடம் சொல்லுங்கள். மச்சான் இல்லாத நேரத்தில் கேளுங்கள். சரி என்றால் அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தில் ஊட்டியை முதல் விருப்பமாகப் போடுங்கள். கடைசித் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.