சாயங்காலமானால் கண் களைக்கிறது, டானிக் குடித்தால் சரியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 42. கணக்குப் பிரிவில் வேலை, நாள் முழுக்க கம்ப்யூட்டர்தான். மூன்று மணிக்கு மேல் கண் எரிகிறது, தலை பாரமாகிறது, ஒரே சோர்வு. போனைத் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை தொந்தரவே இல்லை. உடம்பில் சத்து இல்லை என்று டானிக் குடிக்கிறேன், பலனில்லை.

பதில்: ஞாயிற்றுக்கிழமை தொந்தரவே இல்லை என்கிறீர்களே, அதுதான் முக்கியம். உடம்பு அசதி லீவு நாள் பார்க்காது. ரத்தசோகையோ தைராய்டு குறைவோ இருந்தால் பெரும்பாலும் தூங்கி எழுந்த பிறகும் அலுப்பு இருக்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். உங்களுக்கு வேலை நாளில் மட்டும், அதுவும் மாலையில் வருகிறது. களைத்திருப்பது கண்தான் என்று தோன்றுகிறது.

காரணம் வயது. நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நெகிழ்வு குறையும். கிட்டத்தில் பார்க்க அங்குள்ள தசை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். போனைத் தள்ளிப் பிடிப்பது வெள்ளெழுத்தின் அடையாளம். கண்ணாடி போட்டால் பார்வை கெட்டுவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள், அப்படி எதுவும் ஆகாது. பரிசோதனைக்குப் போகும் முன் உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்து கொண்டு போங்கள். புத்தகம் படிக்கும் தூரம் சுமார் 40, கம்ப்யூட்டர் 50 முதல் 70 வரை. ஒன்றுக்கு எழுதிக் கொடுத்த பவர் மற்றதற்குச் சரிப்படாமல் போகலாம். அப்படியே கண் அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.

எரிச்சலுக்குக் காரணம் வேறு. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில் இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும், கண் காய்ந்துவிடும். ஏசி காற்று முகத்தில் அடித்தால் இன்னும் மோசம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது விநாடி பாருங்கள். திரை கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.

மருந்துக் கடையில் நீங்களாகச் சொட்டு மருந்து வாங்காதீர்கள், தயவுசெய்து. சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம்.

சரி, டானிக்? கண் களைப்புக்கு அது உதவாது. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் என்றால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அதற்கான காரணத்தைக் கண்டுபிடித்து, இரும்புச்சத்து மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் எடுங்கள்.

மாலையில் இமை தொங்கினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ அது வெறும் களைப்பு அல்ல, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் சிவந்து கடுமையாக வலித்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.