தடுப்பூசிக்குப் பிறகும் கொரோனா: டைப் ஒன் குடும்பங்களின் கேள்விகள்

சேலம், ஆத்தூர், ஏற்காடு பக்கத்து டைப் ஒன் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகள் இவை. டைப் ஒன் என்பது உடம்பில் இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசியாகப் போட்டே தீரவேண்டிய சர்க்கரை நோய். நான் டாக்டர் இல்லை. இன்சுலின் போடவும் சர்க்கரை பார்க்கவும் கற்றுத்தருவது என் வேலை. எனக்கும் டைப் ஒன்தான். உங்கள் டோஸை மாற்றும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அஸ்தம்பட்டி: அக்கா, பையன் காலேஜ் படிக்கிறான். 2022-லயே ரெண்டு கோவாக்சின் போட்டாச்சு. இப்ப கொரோனா பாசிட்டிவ். அப்புறம் ஊசி எதுக்குப் போட்டோம்?

கோபம் புரிகிறது. ஆனால் தொற்றே வராமல் காப்பது அந்த ஊசியின் முதல் வேலை இல்லை. ஊசி போட்டுச் சில மாதங்களில் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் குறைந்துவிடும். ஒமிக்ரானும் அதன் வாரிசுகளும் உருவம் மாறி வந்ததால் மூக்கு, தொண்டை வரை கிருமி சுலபமாக நுழைந்துவிடுகிறது. அது நுரையீரலில் இறங்கி ஆளைப் படுக்கவைப்பதைத்தான் ஊசி பெருமளவு தடுக்கிறது. பையன் சளி, காய்ச்சல், உடம்புவலியோடு வீட்டில் இருக்கிறான் என்றால் ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டைப் ஒன் உள்ளவர்கள் கொரோனாவால் மருத்துவமனையில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று ஒரு கணக்கு இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது பொய் இல்லை. 2020-ல் இங்கிலாந்தில் முதல் அலையின்போது எடுத்த கணக்கு. அப்போது தடுப்பூசியே கிடையாது. 40 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு என்றும் அதே ஆய்வு சொல்லியிருந்தது. அந்த வரியை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

ஊசியால் முடியாத காரியம் ஒன்று உண்டு. எந்தக் காய்ச்சல் வந்தாலும் உடம்பு அழுத்த ஹார்மோன்களைச் சுரக்கும். அவை இன்சுலினை வேலை செய்யவிடாது. லேசான கொரோனாவிலும் சர்க்கரை ஏறும், கொழுப்பு கரைவதால் வரும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேரும். நம் ஆட்களுக்குக் கண்காணிக்க வேண்டியது அதுதான்.

குகை: பொண்ணுக்குக் காய்ச்சல், வாய்க்கு எதுவும் இறங்கல. சாப்பிடலையேன்னு ராத்திரி லாண்டஸ் போடல. சரிதானே?

இல்லை. இன்றைக்கு இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன், எல்லோரும் படியுங்கள்.

லாண்டஸ் லாங் ஆக்டிங் இன்சுலின், அதாவது நாள் முழுக்க மெதுவாக வேலை செய்வது; அது சாப்பாட்டுக்கானது இல்லை. பட்டினி கிடந்தாலும் கல்லீரல் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பைக் கரைக்கும். அதில் வரும் கீட்டோன் ரத்தத்தை அமிலமாக்கும். டைப் ஒன்னில் லாங் ஆக்டிங்கை நீங்களாக நிறுத்தவே கூடாது. காய்ச்சலில் பலருக்கு வழக்கத்தைவிட அதிகம்தான் தேவைப்படும்.

உடனே டாக்டருக்கு போன் செய்து, விட்டுப்போன டோஸை எப்போது, எவ்வளவு போடுவது என்று கேளுங்கள். இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள், ராத்திரியிலும்தான். 250-க்கு மேல் நின்றால் கீட்டோன் பார்க்க வேண்டும். ரத்தக் கீட்டோன் மீட்டரில் 0.6-க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 1.5-ஐத் தாண்டினால் உடனே டாக்டர். 3-ஐத் தாண்டினால் மருத்துவமனை, பேச்சே இல்லை. மீட்டர் இல்லாதவர்கள் யூரின் கீட்டோன் ஸ்ட்ரிப் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் தாமதமாகக் காட்டும், ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். குடித்த தண்ணீரும் தங்காமல் வாந்தி எடுத்தால் எந்த எண்ணுக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

சூரமங்கலம்: சென்சார் 240 காட்டுது, விரல்ல குத்தினா 170. மெஷின் கெட்டுப்போச்சா?

விட்டமின் சி மாத்திரை சப்புகிறீர்களா? லிப்ரே மாதிரி, உடம்பில் ஒட்டிச் சர்க்கரை பார்க்கும் சில சென்சார்களில் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் அளவு பொய்யாக ஏறும். அதை நம்பி இன்சுலின் போட்டால் லோ ஆகும், அதாவது சர்க்கரை ஆபத்தாக இறங்கும். மாத்திரையை நிறுத்துங்கள், விரலை நம்புங்கள்.

நாகலூர்: மேடம், ஏற்காட்டுல இருக்கோம். அண்ணனுக்கு டைப் ஒன், கொரோனா மூணாவது நாள். மூச்சு வேகமா வாங்குது, வயிறு வலிக்குதுங்கறான். ஆனா ஆக்சிமீட்டர் 98. நல்லாத்தானே இருக்கான்?

இதைப் படித்ததும் கிளம்புங்கள். மீதியை வண்டியில் படிக்கலாம்.

2021 நம் எல்லோருக்கும் ஆக்சிமீட்டரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது, அந்த எண் நன்றாக இருந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று. டைப் ஒன்னில் அந்தப் பாடம் ஏமாற்றும். ரத்தம் அமிலமானால், அதைச் சரிக்கட்ட உடம்பு ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கும். நுரையீரல் நன்றாகவே இருப்பதால் ஆக்சிஜன் 98 காட்டும். வயிற்றுவலி, வாந்தி, வாயில் பழ வாடை, மூச்சு வாங்கல் எல்லாம் கீட்டோன் விஷயம். சர்க்கரை எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை, பாருங்கள். குளிரில் விரல் விறைத்திருந்தால் ஆக்சிமீட்டர் குறைத்தும் காட்டும் என்பது வேறு கதை.

108-க்கு போன் செய்யுங்கள், இல்லையென்றால் கிடைக்கிற வண்டியில் இறங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் விடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். சேலம் ஜி.எச்.சில் நுழைந்ததும் "டைப் ஒன், கீட்டோன் பாருங்கள்" என்பதை முதலில் சொல்லுங்கள். கொரோனாவை இரண்டாவதாகச் சொன்னால் போதும்.

ஓமலூர்: அப்பாவுக்கு 62 வயசு, மாத்திரைதான் சாப்பிடறார்...

அது டைப் டூ. இந்தக் கணக்குகள் அவருக்கு அப்படியே பொருந்தாது, அவருடைய டாக்டரைக் கேளுங்கள். மாத்திரைப் பெயர் டாபாகிளிஃப்ளோசின் மாதிரி "ஃப்ளோசின்" என்று முடிந்தால் காய்ச்சல் என்பதை இன்றைக்கே அந்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

கொண்டலாம்பட்டி: காய்ச்சலுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி குடுக்கலாமா? மாமியார் குடுங்கறாங்க, நெட்ல விஷம்னு போட்டிருக்கான்.

கொடுங்கள். 30 கிராம் ஜவ்வரிசியில் சுமார் 26 கிராம் மாவுச்சத்து. அதை எண்ணி இன்சுலின் போடுங்கள்.

ஆத்தூர்: என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க? ஜவ்வரிசி சுத்த மாவு. சுகர்காரங்களுக்கு அரிசிக் கஞ்சியே ஆகாதுங்கறாங்க.

அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து, ஜவ்வரிசியில் 87 பக்கம். இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு இத்தனை சண்டையா?

அம்மாப்பேட்டை: சேலத்துல பொறந்துட்டு ஜவ்வரிசியைக் குறை சொல்றவங்களை என்ன பண்றது! எங்க தாத்தா காலத்துலேர்ந்து சேகோ மில்லுதான் எங்களுக்குச் சோறு போடுது.

ஆத்தூர்: எங்க ஊர்லயும்தான் மில்லு இருக்கு. ஜவ்வரிசி செய்யற மரவள்ளி ஒடம்புக்கு ஆகாதுன்னு நான் சொல்லல, சுகருக்கு ஆகாதுங்கறேன்.

சரி, இருவரும் நிறுத்துங்கள். சாதாரண நாளில் ஆத்தூர்க்காரர் சொல்வதில் நியாயம் உண்டு: ஜவ்வரிசியில் புரதம் கிட்டத்தட்ட இல்லை, சர்க்கரை சட்டென்று ஏறும். ஆனால் காய்ச்சல் நாளின் கணக்கு வேறு. வாய்க்குப் பிடிக்காத நேரத்தில் கொஞ்சமாவது மாவுச்சத்து உள்ளே போனால்தான் தேவையான இன்சுலினைப் பயமில்லாமல் போட முடியும். பட்டினியும் தன் பங்குக்குக் கீட்டோனைக் கூட்டும். ஆகவே ஜவ்வரிசியோ அரிசியோ, இறங்குகிற கஞ்சி நல்ல கஞ்சி. சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் உப்புப் போட்ட மோர், தண்ணீர். குறைந்துகொண்டே வந்தால் கஞ்சி, ஓ.ஆர்.எஸ்.; அதில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது, நினைவிருக்கட்டும்.

அம்மாப்பேட்டை: அப்ப ஜவ்வரிசி ஜெயிச்சதுன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர்: சாப்பிடலன்னா இன்சுலின் நிறுத்தலாமா?

மேலே குகைக்குச் சொன்ன பதில்.

ஐந்து ரோடு: கபசுரக் குடிநீர்?

குடிக்கலாம், இன்சுலினுக்குப் பதிலாக இல்லை.

வாழப்பாடி: மெடிக்கல்ல கேட்டு டெக்ஸா மாத்திரை வாங்கினேன். சர்க்கரை 400.

ஏறாமல் என்ன செய்யும்? டெக்ஸா, அதாவது டெக்ஸாமெதசோன், சர்க்கரையை ஏற்றும் ஸ்டீராய்டு. அது ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களின் உயிரைக் காத்தது. 2020-லேயே பெரிய ஆய்வில் நிரூபணமானது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை. 2021-ல் கருப்புப் பூஞ்சை இங்கே அத்தனை பேரைப் பிடித்ததில் கட்டுப்படாத சர்க்கரைக்கும் கண்டபடி போட்ட ஸ்டீராய்டுக்கும் பெரிய பங்கு. 400 என்றால் இப்போதே கீட்டோன் பாருங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சங்ககிரி: கொரோனா ஊசி போட்டதாலதான் டைப் ஒன்னே வந்துச்சாமே?

அப்படி நிரூபணம் எதுவும் இல்லை. ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் சர்க்கரை கொஞ்சம் ஏறுவது உண்டு, அவ்வளவுதான்.

எடப்பாடி: ஜி.எச்.ல குடுக்கற மிக்ஸ்டார்ட் காலைல, ராத்திரி போடறேன். ரெண்டு நாளா பாசிட்டிவ், சாப்பாடு பாதிதான் போகுது. லாங் ஆக்டிங் தனியா இல்லையே?

நல்ல கேள்வி. மிக்ஸ்டார்டில் சீக்கிரம் வேலை செய்வது, மெதுவாக நீண்டு வேலை செய்வது என இரண்டு இன்சுலினும் கலந்தே இருப்பதால் ஒன்றை மட்டும் குறைக்க முடியாது. முழுதாக விட்டால் கீட்டோன், முழு டோஸ் போட்டுச் சாப்பிடாவிட்டால் லோ. எத்தனை யூனிட் என்று எழுத்தில் சொல்வது நியாயமில்லை. மருந்து கொடுத்த இடத்துக்கு இன்றைக்கே போய், "பாதிதான் சாப்பிடுகிறேன், எவ்வளவு போடுவது" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதுவரை போடாமல் மட்டும் இருக்காதீர்கள்.

தாரமங்கலம்: அக்கா, காய்ச்சல்ல சாப்பிடலன்னா ஊசியை ஒரு நாள்...

குகை. மேலே. குகைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகலூர்: மேடம், ஜி.எச்.ல சேர்த்தாச்சு. கீட்டோன் 4.8-ங்கறாங்க. டிரிப்ஸ் போகுது, இன்சுலினும் டிரிப்ஸ்லயே குடுக்கறாங்க. மூச்சு வாங்கறது கொஞ்சம் கொறஞ்சிருக்கு.

நல்லது. டிரிப்ஸை நிறுத்தும் முன்பே லாங் ஆக்டிங் போடுவார்கள். எப்போது என்று சிஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து அவருடைய இன்சுலின் பேனாவையும் ஊசிகளையும் யாராவது கொண்டுவரட்டும்.