முதல் நடையில் உச்சி வேண்டாம்

கேள்வி: மலேசியாவில் குளுவாங் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான், இப்போது நகரத்தில் வேலை செய்கிறேன். வாரக் கடைசியில் அங்குள்ள குனோங் லம்பாக் மலையில் ஏறுவது எனக்குப் பெரிய ஆறுதல். தோட்டத்துப் பள்ளியில் என்னுடன் படித்த மூன்று தோழிகளையும் பலமுறை அழைத்துவிட்டேன். ஒருத்திக்கு அட்டை என்றாலே பயம். இன்னொருத்தி முட்டிவலி என்கிறாள். மூன்றாமவள் காரணமே சொல்லாமல் சிரித்து மழுப்புகிறாள். உச்சியில் எடுத்த படங்களை அனுப்பியும் பயனில்லை. இவர்களை எப்படித்தான் அழைத்துச் செல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவர்களுடைய தயக்கத்துக்கு அந்த உச்சிப் படங்களும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பழக்கமில்லாதவர்கள் அப்படிப்பட்ட படத்தைப் பார்க்கும்போது, அந்த இடம் வரை தம்மால் வர முடியுமா, எல்லாருக்கும் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வந்து பிறரைக் காக்க வைப்போமா என்ற கவலைதான் முதலில் எழும். ஆகவே இந்த முறை உச்சி என்ற பேச்சையே எடுக்காதீர்கள். குனோங் லம்பாக் 510 மீட்டர் உயரம்தான். ஆனாலும் மேலே போகப் போகப் பாதை செங்குத்தாகி, வேர்களைப் பிடித்து ஏறும்படி ஆகிவிடுவதை நீங்களே அறிவீர்கள். அடிவாரத்திலிருந்து முக்கால் மணி நேரம் மெல்ல ஏறி, நிழலான ஓரிடத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பினால் போதும். இன்னும் சற்றுத் தூரம் போயிருக்கலாமே என்று அவர்கள் நினைக்கும்போதே இறங்கத் தொடங்கிவிடுங்கள்.

ஏறுவதற்கான நேரத்தைக் கணக்கிட, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதி இன்றும் வழக்கில் இருக்கிறது: 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் மேற்கொண்டு ஒரு மணி நேரம். அது குளிர் நாட்டில், நடந்து பழகிய கால்களுக்குச் சொன்ன கணக்கு. நம்மூர் வெக்கையில், புதியவர்களுக்கு அதை இரு மடங்காக்கிக்கொள்வதே நியாயம்.

நடக்கும்போது, மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, நீங்கள் கடைசியில் வாருங்கள். பல குழுக்களில் வேகமானவர்கள் முன்னே போய்க் காத்திருந்து, பின்தங்கியவர் வந்து சேர்ந்தவுடன் புறப்பட்டுவிடுகிறார்கள்; யாருக்கு ஓய்வு மிகவும் தேவையோ அவருக்கு மட்டும் ஓய்வே கிடைப்பதில்லை. புதியவர்கள் மலையை வெறுப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்பேன். முன்னால் நடப்பவரால் திணறாமல் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று கவனித்து வாருங்கள். முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

அட்டைக்குப் பயப்படும் தோழியிடம், 'அதெல்லாம் ஒன்றும் செய்யாது' என்று சொல்வதால் பயம் போகாது. காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்ளச் சொல்லி, அட்டையை எடுக்கும் முறையையும் முன்கூட்டியே விளக்குங்கள். பிடித்து இழுக்கக் கூடாது. மெலிந்த முனையில்தான் வாய் இருக்கும். அதன் பக்கத்தில் தோலை ஒட்டி நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விட்டுவிடும், பிறகு தடித்த முனையையும் அவ்வாறே நெம்பிச் சுண்டிவிடலாம். இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருளை அது செலுத்திவிடுவதால், கடித்த இடம் ஊசி முனை அளவே இருந்தாலும் நெடுநேரம் கசியும். கழுவி, அழுத்திப் பிடித்து, பிளாஸ்டர் ஒட்டினால் நின்றுவிடும். வறண்ட நாட்களில் அட்டைத் தொல்லை குறைவு என்பதால், முந்தைய நாள் மழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

சிரித்து மழுப்பும் தோழியைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். வெளியில் சொல்லக் கூச்சப்படும் காரணங்கள் பெண்களுக்குப் பல உண்டு: இறுக்கமான உடை அணிய வேண்டுமோ, வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது, காலணிக்கு எவ்வளவு செலவாகும், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள். அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்கள். தளர்வான கால்சட்டையும் நீளமான சட்டையும் போதும். ஏறுமுன் அடிவாரத்திலேயே கழிப்பறைக்குப் போய்விடலாம். இரண்டு மணி நேரத்தில் கீழே வந்துவிடுவோம். காலணிக்கோ, பால்மரம் வெட்டப் போனவர்கள் அணிந்த, அடியில் குமிழ் குமிழாக இருக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் 'கம்போங் அடிடாஸ்' போதும்; ஈர மண்ணில் அதன் பிடிமானத்தை நம்பி இன்றும் பலர் மலை ஏறுகிறார்கள். தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளை வெறுங்காலோடு ஏறிய அனுபவம் அவர்களுக்கு இருந்தால், அதையும் அன்போடு நினைவூட்டுங்கள். அந்தக் கால்களுக்கு இந்த முக்கால் மணி நேரம் பெரிய சோதனை ஆகாது.

விடிந்ததும் ஏழேகால் மணிக்கெல்லாம் புறப்பட்டுவிடுங்கள். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கச்சான், ஒரு கைவிளக்கு, முழுமையாக மின்னேற்றிய கைப்பேசி. ஓடை நீரைக் குடிக்க வேண்டாம், எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் நம் நாட்டில் உண்டு. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரமானால் 999.

முட்டிவலித் தோழியை மட்டும் வற்புறுத்தாதீர்கள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டியின் மேல் அதிகப் பளு விழும். ஆகவே முதலில் அவர் மருத்துவரிடம் காட்டட்டும். அதுவரை தோட்டத்துச் சமதரைச் சாலையில் மாலை வேளைகளில் அவரோடு சேர்ந்து நடந்து வாருங்கள். மற்ற இருவரும் மலைக்கு வரும் நாளில், இறங்கியபின் நீங்கள் சாப்பிடப் போகும் ரொட்டி சானாய் கடைக்குப் பத்து மணிக்கு அவரையும் வரச் சொல்லுங்கள்.