தமிழ்நாட்டில் போதை மாத்திரை, போதை ஊசியால் ஆண்டுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள்? சரியான கணக்கு எங்கே கிடைக்கும்?

இந்தியா முழுவதற்கும் ஆண்டுக்குச் சில நூறு மரணங்கள் என்றுதான் அறிக்கைகள் சொல்கின்றன, அதை நம்பலாமா, மாநில அளவில் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை யாரும் பொழுதுபோக்குக்காகக் கேட்பதில்லை. உங்கள் வீட்டிலோ நெருங்கிய உறவிலோ ஒருவர் இந்தப் பழக்கத்தில் இருக்கிறார், அல்லது சிகிச்சைக்குப் போய்த் திரும்பியிருக்கிறார் என்று எண்ணியே இதை எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மகிழ்ச்சி.

முதலில் கேட்டதற்குப் பதில். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து மரணங்கள், தற்கொலைகள் பற்றிய அறிக்கையில், அளவுக்கு மீறிய போதைப்பொருளால் இறந்தவர்கள் என்று ஒரு தலைப்பு உண்டு. மாநில வாரியாகவும் எண்கள் இருக்கும். நீங்கள் சொல்லும் சில நூறு என்பது அங்கிருந்து வருவதுதான். ஆனால் அது காவல் நிலையத்தில் பதிவான மரணங்களின் கணக்கு. காவல் நிலையம் வரை போகாத மரணம் அதில் ஏறாது. 2019இல் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் வெளியிட்ட தேசிய ஆய்வு, ஓபியாய்டு எனப்படும் அபினி வகைப் பொருள்களால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 77 லட்சம் பேர் என்றும், ஊசி மூலம் போதை ஏற்றுவோர் 8.5 லட்சம் பேர் என்றும் மதிப்பிட்டது. அவ்வளவு பேரில் ஆண்டுக்குச் சில நூறு பேர் மட்டுமே இறக்கிறார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் மக்கள்தொகையில் கால் பங்குகூட இல்லாத அமெரிக்காவில் 2022இல் எல்லாப் போதைப்பொருள்களாலும் சேர்த்து 1,07,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான செயற்கை ஓபியாய்டு பரவியிருப்பதால் இரு நாடுகளையும் நேராக ஒப்பிடக் கூடாது என்பதை அறிவேன். ஆனாலும் அங்கே எண்ணுகிறார்கள், இங்கே எண்ணுவதில்லை என்ற வேறுபாடு அதனால் மறைந்துவிடாது.

ஏன் எண்ணுவதில்லை என்பதை என்னால் உள்ளிருந்து சொல்ல முடியும். நான் மருத்துவர் அல்லன். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினாறு ஆண்டுகளாக மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நோயாளி வீட்டுக்குப் போனாலும் இறந்தாலும் அவருடைய கோப்பு கடைசியாக வருவது எங்கள் மேசைக்குத்தான். இறந்தவர்களின் கோப்பில் படிவம் 4 இருக்கும். மரணத்தின் காரணத்தை மருத்துவர் சான்றளிக்கும் படிவம் அது. வீட்டில் இறந்தவர்களுக்கு 4ஏ. நோய்தான் மரணத்துக்குக் காரணம் என்றால் என்ன நோய், அதற்கு முன் என்ன, அதற்கும் முன் என்ன என்று வரிவரியாகக் கேட்கும். இதயம் நின்றது, மூச்சு நின்றது என்பன போல இறந்த விதத்தை எழுதாதீர்கள், எது அதற்குக் காரணம் என்று எழுதுங்கள் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கும். அப்படியிருந்தும் எழுதுகிறார்கள். எழுதப்பட்டதைப் பார்த்து உலக சுகாதார நிறுவனத்தின் குறியீட்டை இடுவது என் வேலை. தற்செயலாக அபினி வகைப் பொருளால் நச்சேறி இறந்தால் எக்ஸ்42. தெளிவில்லாத இதய நிறுத்தம் என்றால் ஐ46.9. இத்தனை ஆண்டுகளில் எக்ஸ்42 என்று நான் இட்டவற்றை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஐ46.9க்குக் கணக்கே இல்லை.

மருத்துவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குறை என்னிடமும் இருக்கிறது.

என் தம்பி எர்ணாகுளத்தில் கட்டட வயரிங் வேலை செய்துவந்தான். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டது. வலிக்கு மாத்திரை தொடங்கி, அது டபென்டடாலில் வந்து நின்றது. ஓபியாய்டு வகையைச் சேர்ந்த, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத வலி மாத்திரை அது. எங்கே வாங்கினான், யார் கொடுத்தார்கள் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஒன்றரை ஆண்டில் ஊசிக்கு மாறிவிட்டான். எங்களுக்குத் தெரியவந்தபோது அவன் இடது முழங்கை மடிப்பில் நரம்பு கயிறுபோல் தடித்துப்போயிருந்தது. வேறொரு மாவட்டத்தில் உள்ள ஒரு போதை மீட்பு இல்லத்தில் சேர்த்தோம். நாற்பத்தைந்து நாள். பணம் முன்கூட்டியே கட்டினோம். திரும்பி வந்தபோது கன்னம் நிறைந்து, பழைய முகத்தோடு இருந்தான். பத்து நாள் வீட்டில் அம்மா வைத்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டான். காலையில் ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்தில் அப்பாவுக்கு உதவினான்.

பதினொன்றாவது இரவு அவன் அறையிலிருந்து பெரிய குறட்டைச் சத்தம் கேட்டது. வழக்கமான குறட்டை இல்லை. நீண்ட இடைவெளி விட்டு, தொண்டையில் தண்ணீர் கொதிப்பது போன்ற சத்தம். நான் எழுந்து போனபோது அம்மா நடையில் நின்றுகொண்டு, "நல்லா ஒறங்குகான் மக்களே, எழுப்பாண்டாம்" என்றார்கள். எத்தனையோ இரவுகள் உறங்காமல் கிடந்த பிள்ளை உறங்குகிறான் என்ற நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. நான் திரும்பிப் போய்ப் படுத்தேன். விடியற்காலையில் அப்பா பார்த்தபோது உதடும் நகங்களும் நீலம் பாரித்து, மூக்கில் நுரை இருந்தது.

அந்தக் குறட்டை உறக்கம் அல்ல, மூச்சு அடங்கிக்கொண்டிருப்பதன் அடையாளம் என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மருத்துவமனையில் வேலை செய்யும் எனக்கே அது தெரியவில்லை. நாற்பத்தைந்து நாள் மருந்து உடம்பில் ஏறாமல் இருந்தால் தாங்குதிறன் இறங்கிவிடும், முன்பு தினமும் தாங்கிய அதே அளவு இப்போது உயிரைக் குடிக்கும் என்பதும் தெரியவில்லை. சிகிச்சை முடித்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் இவர்களுக்கு மிக ஆபத்தான காலம் என்று உலகெங்கும் ஆய்வுகள் சொல்கின்றன. அந்த இல்லத்தில் எங்களிடம் இதை ஒருவரும் சொல்லவில்லை. ஜெபம் பண்ணுங்கள், கூட்டாளிகளிடம் சேர விடாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

மாமா வந்தார். "அட்டாக்குன்னு சொல்லிரு மக்கா, தங்கச்சிக்க கலியாணம் நிக்குல்லா" என்றார். தங்கைக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போலீஸ் ஜீப் வந்துபோனால் அது பத்து வருடம் பேசப்படும். பக்கத்தில் உள்ள மருத்துவர் வந்து பார்த்தார். வயதைக் கேட்டார். இருபத்தேழு என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏதாவது மருந்து, ஊசிப் பழக்கம் உண்டுமா?" என்றார். நான் இல்லை என்றேன். அவர் 4ஏ படிவத்தில் எழுதியதை என்னால் தலைகீழாகவே படிக்க முடிந்தது: இதயமும் மூச்சும் நின்றதால் மரணம். மாலை நான்கு மணிக்கு அடக்கம். கட்டிலுக்கடியில் கிடந்த சிரிஞ்சைத் தாளில் சுற்றிக் கொல்லையில் தென்னை மூட்டில் புதைத்தது நான்தான். தங்கையின் திருமணம் குறித்த நாளில் நடந்தது.

உடற்கூறாய்வு நடக்கவில்லை, ஆகவே ஊசியால்தான் இறந்தான் என்று எப்படிச் சொல்வாய் என்று ஒருவர் கேட்டால் என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாமல் போனதற்குக் காரணம் நான் என்பதைத்தான் சொல்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவாகி, உடற்கூறாய்வு நடந்து, இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம், இரத்தம் ஆகியவற்றின் மாதிரிகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயிருக்கும். அங்கும் எதைத் தேட வேண்டும் என்று குடும்பம் வாய் திறந்து சொல்லாவிட்டால் புதுவகை மாத்திரைகள் அகப்படாமல் போகலாம். அப்போது தம்பி காவல்துறைக் கணக்கிலும் இறப்புப் பதிவுக் கணக்கிலும் ஏறியிருப்பான். இப்போது இரண்டிலும் இல்லை.

சிகிச்சைக் கணக்கு பற்றியும் கேட்டீர்கள். அது இதைவிடச் சிதறிக் கிடக்கிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேருபவர் சுகாதாரத் துறைக் கணக்கில் வருவார். சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் நடக்கும் மறுவாழ்வு மையத்தில் சேருபவர் வேறொரு கணக்கில் வருவார். ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தின்கீழ் நாக்கடியில் வைக்கும் பியூப்ரினார்பின் என்ற மாற்று மருந்தைக் கொடுக்கிறார்கள், அது எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் கணக்கு. தனியார் இல்லங்கள் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்தவற்றிலும், வீட்டுக்குப் போனவர் உயிரோடிருக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கும் ஏற்பாட்டை நான் கண்டதில்லை. தம்பியை அனுப்பும்போது கொடுத்த தாளில் "நலமுடன் இல்லம் திரும்பினார்" என்று இருக்கிறது. அந்த இல்லத்தின் பதிவேட்டில் அவன் இன்றைக்கும் குணமானவர்களில் ஒருவன்.

மரணப் பதிவையும் சிகிச்சைப் பதிவையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்காமல் நீங்கள் கேட்கும் எண் கிடைக்காது என்பதே என் பதில். இது முடியாத காரியம் அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2015இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, இறப்புச் சான்று, சிகிச்சை, மருந்துச்சீட்டு, சிறை ஆகிய பதிவுகளை, ஆளை அடையாளம் காட்டாத வகையில் இணைத்துப் பார்த்தது. சிறையிலிருந்து வெளிவந்தவர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஓபியாய்டால் இறக்கிறார்கள் என்று அப்போது எண்ணாகவே தெரிந்தது. எந்த வாரத்தில் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்லும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டோடு தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம் எங்களுடையது. படிவத்தை நிரப்பத் தெரியாதவர்கள் என்று எங்களை யாரும் சொல்ல முடியாது.

இதை எழுதியதற்காக ஊர்ப் பெயரைக் கெடுத்தேன் என்பவர்கள் இருப்பார்கள். வளர்ப்பு சரியில்லை என்று எழுதுகிறவர்களும் வருவார்கள். இடுப்பு உடைந்தவனுக்கு வலி மாத்திரை கொடுத்தது எங்கள் வளர்ப்பு அல்ல. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கவில்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் திரும்பி வந்திருந்தால் சிலவற்றைச் சொல்ல வேண்டும். மருந்தே இல்லாமல் மீள வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், நாங்கள் பிடித்தோம். பியூப்ரினார்பின் போன்ற மாற்று மருந்து நீண்ட காலம் எடுப்பவர்களிடையே இத்தகைய மரணங்கள் வெகுவாகக் குறைகின்றன, அதைப் பற்றி அரசு மனநல மருத்துவரிடம் கேளுங்கள். முதல் சில வாரங்கள் இரவில் தனி அறையில் படுக்க விடாதீர்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, கண்மணி குண்டூசி முனைபோல் சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 108ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சே இல்லையென்றால், 108இல் பேசுபவர் சொல்லச் சொல்லச் செய்யுங்கள். வருபவர்களிடம் ஊசி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதை முறிக்க நலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் அதன் வேலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறைந்து, உடம்பில் மிச்சமிருக்கும் போதை மறுபடி மூச்சை அடக்கக்கூடும். ஆகையால் விழித்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். போலீஸ் பயம் இருந்தால், தானாகச் சிகிச்சைக்கு முன்வரும் அடிமையானவருக்கு, சிறிய அளவு வைத்திருந்த வழக்குகளில் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். யாரிடம் தொடங்குவது என்று தெரியவில்லையென்றால் 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண், 14416 மனநல உதவி எண்.

சென்ற ஆண்டு நான் அந்த மருத்துவரிடம் போய், அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, இளவயதில் வீட்டில் இறந்தவர்களுக்கு இப்போதெல்லாம் தாம் சான்று கொடுப்பதில்லை, அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். பதிவில் திருத்தம் செய்ய முடியுமா என்று கேட்டேன். அதற்குச் சான்று வேண்டுமே என்றார். தம்பியின் பெயரில் உள்ள அந்த இரண்டு தாள்களையும், நலமுடன் திரும்பினார் என்பதையும் இதயம் நின்றது என்பதையும், நான் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையில் பதினோரு நாள்.