நாற்பது பக்கம் எழுதியும் கோல் வருகிறது

கேள்வி: முல்லைத்தீவுப் பக்கம் ஒரு குளப் புனரமைப்பில் பொறியியலாளராக இருக்கிறேன். இயக்கல், பராமரிப்புக் கையேடு 40 பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வான்கதவு (மிகுதி நீரை வெளியேற்றும் கதவு) திறப்பவர் இன்னும் எனக்கே கோல் எடுத்துக் கேட்கிறார். எங்கே பிழை?

பதில்: உங்கள் முதல் அத்தியாயம் திட்டத்தின் பின்னணியாக இருக்கும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவோம்.

எழுத முன்னர் ஒரு தாளில், இதை யார், எப்போது விரிப்பார் என்று குறியுங்கள். பாவனை அறிவுறுத்தல் எழுதுவதற்கென்றே உள்ள ஐ.ஈ.சி. 82079-1 என்ற சர்வதேச நியமமும் வாசகரை அறிந்துதான் எழுதச் சொல்கிறது. உங்கள் வாசகர் மார்கழி மழையில், ராத்திரி, ஒரு கையில் டோர்ச்சோடு குளக்கட்டில் நிற்பவர். நீரியல் கணக்கு அவருக்கு எதற்கு? அது வடிவமைப்பு அறிக்கைக்குப் போகட்டும். சிறுபோகக் கூட்டத்துக்குக் கமக்காரர் அமைப்பு கேட்கும் தண்ணீர்க் கணக்கு இன்னொரு தாள்.

இப்படி ஒரு வரி உங்களிடமும் இருக்கும்: “நீர்மட்டம் உயரும் பட்சத்தில் கதவுகள் உரியவாறு திறக்கப்பட வேண்டும்.” யார் திறப்பது? எவ்வளவு? இப்படி எழுதிப் பாருங்கள் (எண்கள் உதாரணத்துக்கு): “அளவுகோல் 24 அடியைத் தொட்டால், முதலில் கீழ்ப்புறக் கிராமங்களுக்கு அறிவியுங்கள். பிறகு 2ஆம் கதவை அரை அடி உயர்த்துங்கள்.”

அந்த 24 அடி எங்கிருந்து? வரைபடத்தில் கடல் மட்டத்திலிருந்து மீற்றரில் இருக்கும்; அவர் பார்ப்பதோ அளவுகோலை, அடியில். 1902 இல் வேலை தொடங்கிய இரணைமடு முதல் இங்குள்ள பழைய குளங்களெல்லாம் அடிக்கணக்கில் வளர்ந்தவை. அடியை முன்னால் போடுங்கள், அளவுகோலின் பூச்சியம் எது என்றும் சொல்லுங்கள். தண்ணீர் திறந்துவிடும் ஒரே வாயிலை ஒரு பக்கத்தில் துருசு, அடுத்ததில் மதகு, பிறகு ஸ்லூஸ் என்று மாற்றாதீர்கள். ஊரில் துருசு என்றால் கடைசிவரை துருசுதான்.

எச்சரிக்கை, செய்யவேண்டிய வேலைக்கு மேலே வரவேண்டும். ஒருமுறை நான் “பம்பை இயக்கவும்” என்று எழுதி, “தண்ணீர் நிரப்பிய பிறகே” என்பதை அடுத்த வரியில் போட்டேன். பம்பை இயக்கியவர் ஒழுங்காக வரிசைப்படிதான் செய்தார். சீல் கருகிவிட்டது.

சரி, வரைவு முடிந்ததா? அவர் கையில் கொடுத்து, கதவடியில் செய்யச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். எந்த இடத்தில் உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள். திகதியும் திருத்த இலக்கமும் போட்டு, லமினேற் பண்ணிக் கதவறையில் தொங்கவிடுங்கள். பழையதைக் கழற்ற மறக்காதீர்கள். இரண்டும் தொங்கினால் மறுபடியும் உங்களுக்குத்தான் கோல் வரும்.