கோவையில் நகரத் திட்டமிடல் படிக்கிறேன். நடக்க ஏற்ற தெரு, வீடு, பொதுவெளி குறித்த புராஜெக்ட்டை எங்கிருந்து தொடங்கலாம்?

கணினியைத் திறக்கும் முன் அளவு டேப்பை எடுங்கள். காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் காலையில் ஒருமுறை, கடைக்கூட்டம் நெரியும் மாலையில் ஒருமுறை நடங்கள். பைக், டிரான்ஸ்பார்மர், கடைப் படிக்கட்டெல்லாம் போக மிச்சமிருக்கும் நடைபாதையை மட்டும் அளந்து பாருங்கள். இந்திய சாலைகள் காங்கிரஸின் பாதசாரி வசதி வழிகாட்டி (ஐஆர்சி 103), 2012 பதிப்பில், குடியிருப்புத் தெருவுக்கே குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் கேட்டது. ரோட்டிலிருந்து நடைபாதையின் உயரமும் 150 மி.மீ.யைத் தாண்டக் கூடாது என்றது. ஏற முடியாத பாட்டி ரோட்டில்தானே நடப்பார்?

வீட்டுக்குத் திருப்பூர் லைன் வீடுகளை, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய சிறு வாடகை வீடுகளை, பாருங்கள். அங்கே பொது வாசல்தான் துணி காயும் இடம், பிள்ளைகள் விளையாடும் இடம், சாயங்காலப் பேச்சுக்கும் அதுவே. அடுக்குமாடி வரைந்தால் அந்த வாசலுக்கு மாடியில் என்ன பதில்? பெரும்பாலான மாணவர் வரைபடங்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

பொதுவெளிக்கு உக்கடம் பெரியகுளக் கரை போதும். அப்புறம், மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். நிழல் எங்கே என்று தெரியும்.